ஸ்கார்பரோ குளிருக்கு எந்தக் குல்லா? நான்கு தொப்பிகளை ஒப்பிட்டு ஒன்றை எடுத்த கதை

என் அக்கா மகன் போன செப்டம்பரில் திருச்சியிலிருந்து இங்கே கனடாவுக்கு, டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதிக்குப் படிக்க வந்தான். அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் மூன்று லிங்க் வந்தது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "சித்தி, இதுல எந்தத் தொப்பி வாங்கலாம்? ஆஃபர் நாளையோட முடியுது."

முதலாவது, உச்சியில் நூல் பந்து வைத்த தடித்த அக்ரிலிக் தொப்பி, 15 டாலர். இரண்டாவது, எந்த அலங்காரமும் இல்லாத சாம்பல் நிற மெரினோ கம்பளித் தொப்பி, 48 டாலர். மூன்றாவது ட்ராப்பர் தொப்பி, 55 டாலர். இரண்டு பக்கமும் காதை மூடும் மடல் தொங்கும். உள்ளே செயற்கை ரோமம். "படத்துல பார்த்தா மொதல் தொப்பிதான் தடியா இருக்கு, விலையும் கம்மி. ரெண்டாவது பனியன் துணி மாதிரி இருக்கே, அதுக்கு எதுக்கு 48 டாலர்?" என்று கேட்டிருந்தான்.

நியாயமான கேள்வி. முதல் குளிர்காலத்துக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டேன், தப்பான பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன். அதனால் இவனுக்கு ஒரு வரியில் பதில் அனுப்பாமல் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். பட்டியலில் நான்காவதாக ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணியில் தைத்த பாலக்ளாவா ஒன்றையும் சேர்த்தேன். நம் ஊரில் மங்கி கேப் என்று சொல்வோமே, அதேதான். புதிதாக வந்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவுமே என்று அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

தேடுவதற்கு முன்னால் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னல் குல்லாவைக் கனடாவில் 'டூக்' என்பார்கள், அமெரிக்காவில் 'பீனி'. ஒரே கடையின் தளத்தில்கூட இரண்டு சொல்லுக்கும் வேறு வேறு தொப்பிகள் வரும். இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

குளிரைவிடக் காற்றுதான் பெரிய எதிரி

தொப்பி வாங்கும்போது எல்லோரும் "எத்தனை டிகிரி தாங்கும்?" என்று கேட்கிறார்கள். எத்தனை நிமிடம் எவ்வளவு காற்றில் நிற்கப் போகிறோம் என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. வெப்பமானி மைனஸ் 10 காட்டும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. மைனஸ் 20-இல் அதே காற்று அடித்தால் மைனஸ் 33. இதைத்தான் இங்கே வானிலைச் செய்தியில் 'விண்ட் சில்' என்று தனியாகச் சொல்கிறார்கள். அந்த எண் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். மைனஸ் 40-ஐத் தொட்டால் 5 முதல் 10 நிமிடம் போதும்.

டொராண்டோவில் அந்த அளவு குளிர் தினமும் வராது. ஜனவரியில் பெரும்பாலான நாள் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேதான் இருக்கும். இடையிடையே மூன்று நான்கு நாள் மைனஸ் 20-ஐ ஒட்டி இறங்கும். ஆனால் எல்ஸ்மியர் சாலை மாதிரி அகலமான சாலையில், இரண்டு பக்கமும் வெறும் பார்க்கிங் இடம் இருக்கிற பஸ் நிறுத்தத்தில் காலை 6:40-க்கு நின்று பாருங்கள். காற்றைத் தடுக்க ஒரு சுவரும் இருக்காது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே அந்த மாசி மாதக் காற்று முதலில் துளைப்பது காதைத்தான்.

சோணையை விட்டால் காதில் சதை கிடையாது, கொழுப்பு கிடையாது. மெல்லிய தோலும் குருத்தெலும்பும்தான். தலையிலிருந்து நீட்டிக்கொண்டு வேறு நிற்கிறது. அதனால் மற்ற இடத்துக்கு முன்னால் அது விறைக்கும். உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. தலை, உடம்பின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அது இழக்கும் சூடும் ஏறக்குறைய அந்த அளவுதான். அதற்காகத் தொப்பி வேண்டாம் என்று அர்த்தமில்லை. தொப்பியின் முதல் வேலை காதையும் நெற்றியையும் பின் கழுத்தின் மேல் பகுதியையும் காற்றிலிருந்து மறைப்பது. உச்சந்தலையைப் பொத்திவிட்டுக் காதைப் பாதி வெளியே விடுகிற தொப்பி எவ்வளவு தடியாக இருந்தாலும் ஜனவரிக்கு உதவாது.

இன்னொரு விஷயம். நமக்குச் சூடு தருவது நூல் அல்ல, நூலுக்கு நடுவில் அசையாமல் தங்கியிருக்கும் காற்று. தடித்த நூலில் பெரிய பெரிய கண்ணாகப் பின்னிய தொப்பி படத்தில் வெதுவெதுப்பாகத் தெரியும். வெளியே வந்ததும் அந்தக் கண்கள் வழியாகக் காற்று நுழைந்து, உள்ளே சூடாகித் தேங்கியிருந்த காற்றை அடித்துக்கொண்டு போய்விடும். மெல்லிய நூலில் நெருக்கமாகப் பின்னி, இரண்டு அடுக்காக மடித்துத் தைத்தது பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும். 'பனியன் துணிக்கு எதுக்கு 48 டாலர்' என்று அவன் கேட்டதற்குப் பாதிப் பதில் இது.

அக்ரிலிக்கா, மெரினோவா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அக்ரிலிக் என்பது கம்பளி மாதிரி தோற்றம் தருவதற்காகச் செய்த செயற்கை இழை. அதில் நல்ல தொப்பியே இல்லை என்று சொல்ல மாட்டேன். இங்கே கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பலர் தலையில் பார்க்கும் கார்ஹார்ட் ஏ18 தொப்பி முழுக்க அக்ரிலிக்தான். நெருக்கமான பின்னல், காதுக்கு மேல் விளிம்பை மடித்துவிட்டால் அந்த இடத்தில் துணி இரட்டிப்பாகும். வாஷிங் மெஷினில் போடலாம், சீக்கிரம் காயும், அரிக்காது, பூச்சி தின்னாது. தொலைந்தால் வயிறு எரியாது. இது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் பஸ்ஸில் மறந்து வைப்பதில் குடைக்கு அடுத்தது தொப்பிதான்.

அக்ரிலிக்கின் குறை ஈரத்தில் தெரியும். அந்த இழை தண்ணீரை உள்ளே வாங்கவே வாங்காது என்று சொல்லலாம். பஸ்ஸைப் பிடிக்க ஓடினீர்கள், தலையில் லேசாக வியர்த்தது, பஸ் போய்விட்டது, அடுத்ததற்குப் பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும். அப்போது நெற்றியை ஒட்டி ஈரம் அப்படியே தங்கி, சில்லென்று ஏறும். கம்பளி அப்படியில்லை. தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் இழுத்து வைத்துக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. இழை சுருள்சுருளாக இருப்பதால் கொஞ்சம் நனைந்தாலும் தட்டையாகப் படியாமல் காற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஓடுவதும் நிற்பதும் மாறி மாறி வருகிற நம் மாதிரி பஸ் பயணிகளுக்கு இந்த ஒரு குணமே விலையை நியாயப்படுத்திவிடும்.

"கம்பளின்னா அரிக்குமே?" என்று அவன் கேட்டான். ஊட்டி மலையில் வாங்கிய பழைய மப்ளரை நினைத்துக் கேட்கிறான் என்று புரிந்தது. அரிப்புக்குக் காரணம் இழையின் தடிமன். 30 மைக்ரானை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டிய தடித்த இழைகள் தோலில் வளையாமல் குத்தும். அதுதான் அரிப்பாகத் தெரிகிறது. மெரினோ ஆட்டின் ரோமம் அதைவிட மிக மெல்லியது. தோலை ஒட்டிப் போடும் துணிக்கு 19 மைக்ரானை ஒட்டியதை எடுப்பார்கள். அது தோலில் பட்டதும் வளைந்து கொடுக்கும். அதனால் வெறும் 'கம்பளி' என்று மட்டும் எழுதியிருந்தால் நெற்றியைச் சுற்றி ஃப்ளீஸ் பட்டை வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 'மெரினோ' என்று இருந்தால் பட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மெரினோ துணியின் எடையைச் சில நிறுவனங்கள் எண்ணாகவே போடுகின்றன. ஐஸ்பிரேக்கர் பக்கத்தில் 200, 260 என்று பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 150 என்றால் ஓடுகிறவர்களுக்கும் சைக்கிள் ஹெல்மெட்டுக்குக் கீழே போடுகிறவர்களுக்கும். இந்த ஊரில் நின்று காத்திருக்க 200-க்கு மேல், அதுவும் இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். அவன் அனுப்பிய சாம்பல் நிறத் தொப்பி 250 கிராம் துணியில் இரட்டை அடுக்கு. பக்கத்தை முழுக்கக் கீழே தள்ளினால் தெரிந்திருக்கும். அவன் படத்தோடு நின்றுவிட்டான்.

மெரினோவுக்குக் குறை இல்லாமலா? முதலில் விலை. அப்புறம் துவைப்பது. கம்பளி இழையின் மேல் மீன் செதிள் மாதிரி நுண்ணிய செதிள்கள் உண்டு. சுடுதண்ணீரும் குலுக்கலும் சேர்ந்தால் செதிள்கள் ஒன்றையொன்று கவ்வி இறுகிவிடும், பிறகு பிரியாது. என் இரண்டாவது குளிர்காலத்தில் துணியோடு துணியாக ஒரு நல்ல கம்பளித் தொப்பி டிரையருக்குள் போய்விட்டது. வெளியே எடுத்தபோது என் உள்ளங்கை அகலம் இருந்தது, அட்டை மாதிரி விறைத்து. இழுத்துப் பார்த்தேன், நனைத்து இழுத்துப் பார்த்தேன், பழைய அளவுக்கு வரவேயில்லை. 'சூப்பர்வாஷ்' என்று போட்டிருந்தால் அந்தச் செதிளை மழுக்கிப் பக்குவம் செய்திருக்கிறார்கள், மெஷினில் மென்மையான சுற்றில் போடலாம். மற்றதைக் குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, படுக்க வைத்துக் காயப்போட வேண்டும். கோடையில் நெகிழிப் பையில் இறுக்கி மூடி வைக்காவிட்டால் அந்துப்பூச்சி தின்னும். இதெல்லாம் தன்னால் முடியாது என்று நினைக்கிற மாணவனுக்கு அக்ரிலிக்கே மேல் என்று மனதாரச் சொல்வேன்.

காஷ்மீரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: ஆட்டின் அடிரோமத்தில் செய்தது, மிக மென்மையானது, சூடானது. ஆனால் பஸ் நிறுத்தத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகிற மாதிரி ஆகிவிடும். பருத்தித் தொப்பி பக்கமே போகாதீர்கள். ஈரத்தை வாங்கிக்கொண்டு விடவே விடாது.

என் முதல் தொப்பி

வந்த வருடம் ஒரு தளத்தில் 'வுல் பிளெண்ட்', அதாவது கம்பளிக் கலப்பு, என்று தலைப்பில் போட்ட தொப்பியை 30 டாலருக்கு வாங்கினேன். நல்ல மெரூன் நிறம், மேலே பந்து, கைக்குப் பஞ்சு மாதிரி. கம்பளி என்றே நினைத்துக்கொண்டேன். ஜனவரி நடுவில் ஒரு காலை, இருபது நிமிடம் நின்றபிறகு இடது காதின் மேல் ஓரம் மரத்துப்போனது. பஸ்ஸுக்குள் ஏறிச் சூடு பட்டதும் மிளகாய் தேய்த்த மாதிரி எரிந்தது. வேலைக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தால் அந்த ஓரம் மட்டும் வெளிறி, பிறகு சிவந்து வீங்கியிருந்தது. நல்லவேளை, ஆறிவிட்டது. அந்த இடம் இன்றும் மற்ற காதுக்கு முன்னால் குளிரை உணர்கிறது.

அன்று ராத்திரிதான் தொப்பியின் உள்பக்கம் திருப்பி லேபிளைப் படித்தேன். அக்ரிலிக் 95, கம்பளி 5. தலைப்பில் பொய் இல்லை, கலந்துதான் இருக்கிறது. ஒரு ஓரத்து நூலைப் பிய்த்துச் சமையலறைத் தொட்டியின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன். கம்பளியென்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இது உருகி, கறுப்பாக ஒரு கெட்டியான மணியாக நின்றது.

அதிலிருந்து எந்தத் தொப்பியானாலும் நான் முதலில் பார்ப்பது சதவீதம். தலைப்பை விட்டுவிடுங்கள், நிறத்தை விட்டுவிடுங்கள். 'மெட்டீரியல்' என்ற வரியில் எந்த இழை எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதா? போடவில்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடுங்கள். கம்பளி 50-க்கு மேல் இருந்தால் கம்பளிக்குரிய விலை கொடுக்கலாம். 5, 10 என்றால் அது அக்ரிலிக்தான், அக்ரிலிக் விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். வெளித்துணி, உள் லைனிங் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். 'லைனிங்: ஃப்ளீஸ்' என்று ஒரு வரி கூடுதலாக இருந்தால் 20 டாலர் அக்ரிலிக் தொப்பிகூடத் தேறிவிடும். நெருக்கமான ஃப்ளீஸ் பட்டை காதைச் சுற்றி ஓடுவது, தலை முழுக்க இன்னொரு சுற்றுத் தடியான நூலைவிடப் பயன் தரும்.

'மைனஸ் 30 வரை தாங்கும்' என்று சில பக்கங்களில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கடையில் விற்கும் சாதாரணக் குல்லாவுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அப்படியொரு அளவுகோல் கிடையாது. விற்பவர் போடும் எண் அது. அதற்குப் பதிலாக '3எம் தின்சுலேட் 40 கிராம்' என்ற மாதிரி இருந்தால் அது ஒரு தகவல். உள்ளே வைத்துத் தைத்த நுண்ணிழைத் தகட்டின் எடை அது. இரண்டு தொப்பியை அதை வைத்து ஒப்பிடலாம்.

ட்ராப்பரும் மங்கி கேப்பும்

ட்ராப்பர் தொப்பிதான் மூன்றிலும் சூடானது, அதில் சந்தேகமே இல்லை. வெளியே காற்றுப் புகாத துணி, உள்ளே ரோமம், காதோடு தாடைவரை இறங்கும் மடல். கனடாவின் ஆர்சிஎம்பி போலீஸார் குளிர்காலத்தில் போடும் மஸ்க்ராட் ரோமத் தொப்பியும் இதே குடும்பம்தான். வின்னிபெக்கிலோ எட்மன்டனிலோ இருக்கிற பிள்ளைகள் யோசிக்காமல் இதை வாங்கலாம். வின்னிபெக்கில் ஜனவரி சராசரியே மைனஸ் 16-ஐ ஒட்டி இருக்கும். அங்கே இது ஆடம்பரமில்லை. இவனோடு விமானத்தில் வந்த நண்பன் அங்கேதான் படிக்கிறான். அவனுக்கு இந்த மூன்றாவது லிங்க்கை அனுப்பு என்று சொன்னேன்.

ஸ்கார்பரோவில் என்ன சிக்கல் என்றால், இதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறினால் ஐந்து நிமிடத்தில் வியர்க்கும். கழற்றினால் பையில் வைக்க இடமில்லை, ஒரு சாப்பாட்டு டப்பா அளவு இருக்கும். மைனஸ் 3-இல் போட்டால் தலை வேகும். வருடத்தில் பத்துப் பதினைந்து நாளுக்குத்தான் இதன் முழு பலமும் தேவைப்படும். அதைவிட முக்கியமாக, ஜாக்கெட்டின் ஹூட், அதாவது கழுத்துப் பக்கம் சேர்ந்திருக்கும் தலைமூடி, இதற்கு மேல் ஏறாது.

ஹூட்டைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் முடிவே அதில்தான் இருக்கிறது. எல்லோரும் தொப்பியை மட்டும் தனியாக ஒப்பிடுகிறோம். தலையில் வரப்போவது தொப்பியும் அதன் மேல் ஹூட்டும். குளிர்கால ஜாக்கெட்டில் காற்றுப் புகாத நல்ல ஹூட் இருந்தால் காற்றைத் தடுக்கும் வேலையை அது எடுத்துக்கொள்ளும். அப்போது தொப்பி சூட்டைப் பிடித்து வைத்தால் போதும், ஈரத்தைச் சமாளித்தால் போதும். அந்த வேலைக்கு, மேலே பந்து இல்லாத, தலையோடு ஒட்டிய மெரினோவை மிஞ்ச ஒன்றுமில்லை. பந்து வைத்த தொப்பிக்கு மேல் ஹூட் போட்டால் உச்சியில் கூடாரம் மாதிரித் தூக்கி, பக்கத்தில் இடைவெளி விழும்.

பாலக்ளாவாவுக்கு வருவோம். பெயர் 1854-இல் கிரைமியப் போரில் சண்டை நடந்த பாலக்ளாவா ஊரிலிருந்து வந்தது. நமக்கு அது ஊட்டி, கொடைக்கானல் பயணத்தில் அப்பாவும் தாத்தாவும் போட்டுக்கொண்ட மங்கி கேப். முகம், காது, கழுத்து எல்லாம் ஒரே துணியில் மூடும், மப்ளர் தேவையில்லை, ஃப்ளீஸில் என்றால் 20 டாலருக்குள் கிடைக்கும், ஹூட்டுக்குக் கீழே அழகாக அடங்கும். கணக்குப் பார்த்தால் கொடுத்த காசுக்கு இதுவே அதிகச் சூடு. ஆனால் சாதாரண ஃப்ளீஸ் வழியாகக் காற்று புகும், அதனால் ஹூட் கட்டாயம். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. மூச்சுக்காற்று மேலே ஏறி லென்ஸில் படிந்து, மைனஸ் 15-இல் அப்படியே உறைந்துவிடும். பஸ் எண் தெரியாது. என் அக்கா மகன் கண்ணாடி போடுகிறவன். அதோடு அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

குழந்தைகளுக்கு மட்டும் என் பதில் நேர்மாறு: பாலக்ளாவாவையே வாங்குங்கள். ஓடும்போது கழன்று விழாது, கழுத்தில் தனியாகத் துணி சுற்ற வேண்டியதில்லை. சறுக்குமரத்தில் மப்ளர் மாட்டிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து இருப்பதால் பல பள்ளிகளில் மப்ளர் வேண்டாம், நெக் வார்மர் அனுப்புங்கள் என்பார்கள். இரண்டு வாங்கிப் பெயர் எழுதி வையுங்கள். பிப்ரவரிக்குள் ஒன்று தொலைந்துவிடும். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கும் இதுவே நல்லது. அவர்களுக்குப் பழகிய தொப்பி என்பதால் மறுக்காமல் போட்டுக்கொள்வார்கள்.

பக்கத்தை எப்படிப் படிப்பது

மாடலின் காதைப் பாருங்கள். படத்தில் காது மடலோ கம்மலோ முழுதாகத் தெரிகிறது என்றால் அது அழகுக்கான தொப்பி. 'ஃபிஷர்மன்' என்ற பெயரில் வரும் குட்டைக் குல்லாக்கள் எல்லாம் இப்படித்தான். காது மூட வேண்டுமென்றால் மடிப்பை விரித்து அளந்த உயரம் 28 சென்டிமீட்டரை ஒட்டியாவது இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு மடிப்பு மடித்த பிறகும் காதுச் சோணையைத் தொடும்.

'ஒன் சைஸ்' என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஒரு நூலைப் புருவத்துக்குச் சற்று மேலே, காதின் மேல் நுனியை ஒட்டித் தலையைச் சுற்றிப் பிடித்து, அந்த நூலை ஸ்கேலில் வைத்து அளங்கள். அவனுக்கு 59 சென்டிமீட்டர் வந்தது. சின்னத் தொப்பியை இழுத்துப் போட்டால் பின்னலின் கண்கள் விரியும், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி மதியத்துக்குள் காதை விட்டுவிடும். பெரிதாக இருந்தால் ஓரத்தில் காற்று நுழையும். நீளமான பின்னலோ கொண்டையோ போடும் பெண்கள் கழுத்துக்கு நெருக்கமாகத் தாழ்வாகப் பின்னிக்கொண்டு அளந்து பாருங்கள், இல்லையென்றால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். பின்னலை வெளியே விடுவதற்காகப் பின்பக்கம் ஓட்டை விட்ட தொப்பிகளும் இருக்கின்றன. அந்த ஓட்டை வழியாகக் காற்றும் வரும் என்பதால் எனக்குப் பிடிக்கவில்லை. தேங்காய் எண்ணெய் வைக்கிற தலையென்றால் அடர் நிறம் எடுங்கள். வெளிர் நிறக் கம்பளியில் நெற்றி ஓரம் இரண்டே வாரத்தில் கறுத்துவிடும், அதையும் அடிக்கடி துவைக்க முடியாது.

விமர்சனங்களில் நட்சத்திரத்தை எண்ணாமல் தேதியைப் பாருங்கள். இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். செப்டம்பர், அக்டோபரில் எழுதிய 'மிக மென்மையாக இருக்கிறது, நிறம் அருமை' எல்லாம் வீட்டுக்குள் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்து எழுதியவை. ஜனவரி, பிப்ரவரி விமர்சனங்களை மட்டும் தேடிப் படியுங்கள். அதில் 'காற்று', 'காது', 'மேலேறுகிறது' என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். அடுத்த மார்ச்சில் எழுதிய இரண்டு வரி கிடைத்தால் தங்கம். துவைத்த பிறகு எப்படி இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். சில பக்கங்களில் வேறு மாடல்களின் விமர்சனமும் ஒன்றாகக் கலந்திருக்கும், வாங்கியவர் போட்ட படம் நீங்கள் பார்க்கிற தொப்பிதானா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விலையில் ஒன்டாரியோவின் 13 சதவீத வரியைச் சேர்த்துப் பாருங்கள், 48 என்பது 54-ஆகிவிடும். திருப்பி அனுப்பும் கெடுவையும் பாருங்கள். அக்டோபரில் வாங்கினால் 30 நாள் கெடு நவம்பரில் முடிந்துவிடும், உண்மையான குளிர் அதற்குப் பிறகுதான் வரும். அதனால் வந்த அன்றே வீட்டிலேயே சோதித்துவிட வேண்டும்.

நான் என்ன சொன்னேன்

48 டாலர் மெரினோவை வாங்கு, 15 டாலர் அக்ரிலிக்கை விடு, என்றேன். கையில் 20 டாலர்தான் இருக்கிறது என்றால் பந்து வைத்ததை விட்டுவிட்டு, ஃப்ளீஸ் பட்டை வைத்த அக்ரிலிக் டூக் ஒன்றைத் தேடு, ஹூட்டோடு போட்டால் இந்த வருடம் ஓடிவிடும் என்றும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பகுதிநேர வேலையின் முதல் சம்பளம் வரட்டும் என்றான். ஆஃபர் அன்றோடு முடியவில்லை. அடுத்த வாரமும் அதே விலைதான் இருந்தது.

நவம்பர் முதல் வாரம் பார்சல் வந்தது. சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தான். டேக்கை அறுக்காமல் உள்பக்கம் திருப்பி லேபிளைப் படிக்கச் சொன்னேன்: மெரினோ 100. ஜன்னலுக்கு நேராக விரித்துப் பிடித்தோம். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியவில்லை, மங்கலாக ஒரே சீராகத் தெரிந்தது. அப்புறம் சமையலறையில் டேபிள் ஃபேனை வைத்து, ஜன்னலையும் திறந்துவிட்டு, தொப்பியோடு அதன் முன்னால் நிற்க வைத்தேன். முதலில் என் பழைய மெரூன் தொப்பி. இரண்டு நிமிடத்தில் காதைப் பிடித்துக்கொண்டான். பிறகு புதியது. ஐந்து நிமிடம் நின்றான். "ஓரத்துல மட்டும் லேசா தெரியுது சித்தி" என்றான். ஜாக்கெட்டைப் போட்டு ஹூட்டையும் ஏற்றிக்கொண்டு திரும்ப நின்றான். கொஞ்ச நேரம் கழித்து ஃபேனை அணைத்துவிட்டு, கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டான்.